ஈரறை

பச்சை மிளகாயைக் குறுக்கே வெட்டினால்
இரண்டு அறை.
நீளவாக்கில் கீறுகிறவர்களுக்கு இது தெரியாது.
எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு நாற்பது கிலோ.
நீலக் கையுறை, தலையில் வலை,
ஷார்ஜா ரோலாவில் ஒரு ஹைப்பர்மார்க்கெட்டின்
நறுக்கிய காய்கறிப் பிரிவு.

தாவரவியல் மூன்றாம் பருவத் தேர்வில் எழுதினேன்:
சூற்பை மேல்மட்டம், ஈரறை,
தடுப்புச் சுவர் சற்றே சாய்வு,
சூல்கள் நடு அச்சில் ஒட்டியவை.
பத்துக்கு ஒன்பது.
அந்த ஒன்று எங்கே போயிற்று என்று
விலைச்சீட்டை டப்பாவில் அழுத்தும்போது யோசிப்பேன்.
படத்தில் சுவரை நேராக வரைந்துவிட்டேனோ என்னவோ.

எங்கள் அறையின் சுவரும் சாய்வுதான்.
ஜிப்சம் பலகை.
இருப்பது ஒரே ஏசி, அதுவும் ஜன்னலின் ஓரத்தில்.
தச்சன் பலகையைக் கோணலாக இழுத்து
ஏசியின் மூக்குத்தண்டில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தான்.
இந்த நாசி எனக்கு, அந்த நாசி அவளுக்கு.
பொத்தான்கள் அவள் பக்கம்.
வாடகை மட்டும் இருவருக்கும் ஒன்று,
அறுநூற்றைம்பது திர்ஹம்.
கேட்கலாமென்றால் மன்சூர் அண்ணன் போனை எடுப்பதில்லை.

திகிஸ்த்.
ஃபிரிட்ஜில் பால் பாக்கெட்டின் மேல்
பேனாவால் எழுதியிருந்த பெயர்.
எத்தியோப்பியா என்றது வாட்ச்மேன்.
நான் வேலை முடிந்து வரும்போது
அவள் விமான நிலையத்தின் தரைகளைத் துடைக்கக் கிளம்பியிருப்பாள்.
ஏழு மாதத்தில் முகத்தை ஒழுங்காகப் பார்த்ததில்லை.
வாரத்துக்கு ஓர் இரவு அவளுக்கு விடுப்பு,
அன்று மட்டும் பலகையின் இரு பக்கமும் ஆள்.

ஒரு தட்டு: குளிருகிறது.
இரண்டு தட்டு: புழுங்குகிறது.
யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தது என்பது நினைவில்லை.
அவளுக்குத் தமிழ் தெரியாது,
எனக்கு அவள் சிரிப்பு மட்டும் தெரியும்,
போனில் யாரிடமோ, மூச்சை உள்ளிழுத்துச் சிரிப்பது.
கட்டிலை நான் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தேன்.
அவளும் அப்படித்தான் போட்டிருக்கிறாள் என்பது
அவள் புரண்டபோது பலகை என் தோளைத் தொட்டதில் தெரிந்தது.

ஜூலையில் நகராட்சிக்காரர்கள் வந்தார்கள்.
அனுமதியில்லாத சுவர்.
ஹாலில் இருந்த ஐந்து தடுப்பும் போயிற்று.
(காட்டுத் தக்காளிக்கு அறை இரண்டுதான்,
மனிதன் வளர்க்க வளர்க்கத்தான் பெருகிற்று.
இதைச் சொல்ல அங்கே யாருமில்லை.)
எங்களுடையதற்கு இருபது நிமிடம் கூட ஆகவில்லை.
கடப்பாரை, கால் உதை, வெள்ளைத் தூசி.

தூசிக்கு அந்தப் பக்கம்
நான் நினைத்ததைவிடக் குள்ளமாக ஒருத்தி.
நெற்றியில் பச்சை குத்திய சிலுவை.
கையில் என் சாம்பல் நிறத் துப்பட்டா,
மார்ச்சில் மொட்டைமாடிக் கொடியிலிருந்து காணாமல் போனது.
அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
மூக்கைப் பொத்திக்கொள்ளக் கொடுத்தாள்.

ஒரு வாரம் பொறுங்கள், திரும்ப அடித்துத் தருகிறேன்,
அன்றைக்குப் பார்த்து மன்சூர் அண்ணன் போனை எடுத்தார்.

அன்று அவளுக்கு விடுப்பு இரவு.
கட்டில்களை இருவரும் நகர்த்தவில்லை.
நடுவே, எவ்வளவு பெருக்கியும் போகாத
ஒரு வெள்ளைக் கோடு, சாய்வாக.
விளக்கை அணைத்துவிட்டு,
ஒட்டிக்கொள்ள ஒன்றும் இல்லாமல்
இருவரும் கோட்டுக்கு முதுகு காட்டிப் படுத்தோம்.

இரண்டு மணிக்கு மேல் குளிர் எலும்பில் ஏறியது.
ஏசி முழுவதும் இப்போது எனக்கும் எட்டும்.
எழுந்து நாலு எட்டு, ஒரு பொத்தான்.

கட்டிலின் இரும்புக் காலில்
விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

அவள் எழுந்து போய்க் குறைத்தாள்.